மண்ணை மண் தரம் பிரிப்பதா?



பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் கூடியிருக்கிறோம். ஒரே களிமண்ணில் பொம்மையும் செய்யலாம், கழிப்பறைக் கோப்பையும் செய்யலாம் என்பது இந்த ஊருக்குத் தெரியும். ஐரோப்பாவின் இடைக்காலக் கிறித்தவச் சிந்தனையாளர்கள் கடவுளின் நீதியைப் பேசும்போது எடுத்துக்கொண்டதும் இதே உவமைதான். ஒரே மண்ணில் மதிப்பான பாத்திரமும் மதிப்பற்ற பாத்திரமும் செய்ய வனைபவருக்கு உரிமை உண்டு என்று ரோமருக்கு எழுதிய மடலில் பவுல் வாதிடுகிறார்.

பிறப்புக்கேற்ற இடம் என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்ட நமக்கு இது வருணத்தின் குரலாகவே ஒலிக்கும். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ் இங்கே ஒரு கோடு கிழிக்கிறார். அருள் யாருக்கும் பட்ட கடன் அல்ல. கடவுள் தம் விருப்பப்படி தரலாம். பொதுவில் உள்ளதை மனிதர் பங்கிடுவது அப்படியல்ல; அது கடன். அதில் தகுதியை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பது நீதிக்கு எதிரான பாவம். ஆன்மிகக் காரியங்களில் ஆள் பார்ப்பது அதைவிடப் பெரிய பாவம்.

அக்வினாஸை நாம் தலையில் தூக்கிவைக்கவில்லை. அடிமைமுறையோடு ஒத்துப்போனவர் அவர். அவர் தந்த அளவுகோலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதைக் கொண்டு உளுந்தூர்பேட்டை வட்டாரத்து எறையூரை அளப்போம். அங்கே ஆலயத்திலும் சாதி, சவ ஊர்வலப் பாதையிலும் சாதி. தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் தாக்கப்பட்டார்கள். காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இருவர் செத்தார்கள். அந்தச் சாவுகள் நாம் கேட்ட நீதி அல்ல.

அரசையும் அளப்போம். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் பட்டியல் சாதி உரிமை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. தலித் கிறித்தவர் இன்றும் வெளியே. காயத்தைப் பார்க்காமல் மதத்தைப் பார்ப்பதும் ஆள் பார்ப்பதுதானே?

வனையும் உரிமை கடவுளுடையது என்றே வைத்துக்கொள்வோம். நம்மைத் தரம் பிரித்தவர் யார்? அவரும் மண்தான். ஆலயத்தின் நடுப்பகுதியும் கல்லறைக்குப் போகும் தெருவும் நமக்கு வரவேண்டிய கடன். மறுமையில் தருகிறோம் என்று அதற்குத் தவணை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கடனைக் கேட்பவர் பிச்சைக்காரர் அல்லர். நிமிர்ந்து நின்று கேட்போம்.