பலகாரக் கடையில் ஒரு மாலைப்பொழுது



மன்னார்குடி என்றவுடன் இராசகோபாலசுவாமி திருக்கோயிலும், அரித்திரா நதி என்று பெயர் பெற்ற பெரிய தெப்பக்குளமும் உங்கள் நினைவுக்கு வரும். இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அவ்விரண்டிற்குமன்று. அவ்வூர்க் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஒரு பலகாரக் கடைக்கு. வானொலியில் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன்.

சென்ற பங்குனிப் பெருவிழாவில், வெண்ணெய்த்தாழி நாளன்று மாலை, பள்ளித் தோழர் ஒருவருடன் அக்கடைக்குச் சென்றிருந்தேன். வாயிலருகே அடுப்பு, அதன்மேல் எண்ணெய்ச் சட்டி. சரக்கு மாஸ்டர் உளுந்து மாவில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது மிதந்தது. மாவினுள் காற்று போதிய அளவு சேர்ந்திருக்கிறது, வடை மெதுவாக இருக்கும் என்பதற்கு அதுவே அடையாளம். பின்பு கையை நீரில் நனைத்து, மாவை உருட்டி, நடுவே துளையிட்டு எண்ணெயில் நழுவவிட்டார். துளை அழகுக்காக மட்டுமன்று. அவ்வழியே எண்ணெய் நடுப்பகுதியையும் தொடுவதால் வடை உள்ளும் புறமும் ஒன்றாக வேகின்றது. பள்ளியில் நாம் நடத்தும் பௌதிகப் பாடம் இங்கே நாள்தோறும் நடக்கின்றது!

அந்த உளுந்து எங்கிருந்து வருகிறது? நம் காவிரிக் கழனிகளில், சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே, நெற்பயிர் நின்றுகொண்டிருக்கும்போதே ஈரமண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவர். அறுவடைக்குப் பின் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது வளர்ந்து, ஏறத்தாழ 70 நாட்களில் முற்றிவிடும். போகிற போக்கில் தன் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தையும் தந்துவிட்டுப் போகும். தையில் தெளித்தது பங்குனியில் செடி பிடுங்கப்பட்டுக் களத்துக்கு வரும். பிடுங்குகிற கைகள் வயல் வேலை செய்யும் ஏழை மக்களுடைய கைகள்.

இனி நான் சொல்லப்போவதற்காகவே இதுவரை இவ்வளவும் சொன்னேன். அந்தக் கைகளுக்கு உரியவர்கள், தாம் விளைவித்த உளுந்தில் செய்த வடையை இத்தகைய கடைகளில் பலகையில் அமர்ந்து உண்ண முடியாத காலம் ஒன்று இருந்தது.

1972ஆம் ஆண்டு. நானும் இத்தோழரும் ஏழாம் வகுப்பில் படித்தோம். அவருடைய பெற்றோர் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். ஒரு மாலை இருவரும் இக்கடைக்கு வந்தோம். அவர் வாயிலில் நின்றுவிட்டு, "நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு எனக்கு ஒன்று வாங்கி வா" என்றார். கடையில் எவரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அவருடைய சிற்றூர்த் தேநீர்க் கடையில் அவருக்கென்று தனிக் குவளை இருந்தது. அந்தப் பழக்கம் அவர் காலைக் கட்டியது. நானோ உள்ளே சென்று, பலகையில் அமர்ந்து, சட்னியுடன் இரண்டு வடை தின்று, அவருக்கு இலையில் ஒன்று கட்டி வாங்கி வந்தேன். "வா" என்று ஒரு சொல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அப்போது சட்டம் இல்லாமலா இருந்தது? 1944இல் இதே மன்னார்குடியில் செய்யப்பட்ட ஒப்பந்தம், பண்ணையாட்களைச் சாட்டையால் அடிப்பதையும் சாணிப்பால் புகட்டுவதையும் நிறுத்தியது. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் உழவர் நடத்திய போராட்டத்தின் பயன் அது. 1941இல் பெரியாரின் கிளர்ச்சியால் புகைவண்டி நிலைய உணவகங்களில் சாதி பிரித்து இடம் வைத்தல் ஒழிந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைய எவருக்கும் தடையில்லை என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் அதை மீறுவோரைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. அப்படியிருந்தும், 17 ஆண்டுகள் கழித்து ஒரு சிறுவன் திறந்திருந்த வாயிலின் வெளியே நின்றான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்னும் நகரில், வெள்ளையர் மட்டுமே அமரக்கூடிய சிற்றுண்டி மேசையில், 1960 பிப்ரவரி 1ஆம் நாள் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் அமர்ந்து காப்பி கேட்டனர். காப்பி தரவில்லை, கடை மூடும்வரை அவர்களும் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்து சேர்ந்தனர். அவ்வாண்டு சூலைத் திங்களில் அந்தக் கடை தன் வழக்கத்தைக் கைவிட்டது. மாணவர்களே, அந்நால்வரும் உங்களைப் போன்ற முதலாண்டு மாணவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சென்ற பங்குனிக்கு வருவோம். கடைவாயிலில் திருவிழாக் கூட்டம். என் தோழர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், பேரன் பேத்தி கண்டவர், ஒரு கணம் தயங்கி நின்றார். கூட்டத்தைக் கண்டு நின்றாரோ, பழைய நினைவு வந்து நின்றாரோ, நான் கேட்கவில்லை. "வாப்பா, உள்ளே போகலாம்" என்றேன். ஐம்பதாண்டுகளுக்கு மேல் காலந்தாழ்ந்து சொன்ன சொல் அது. அவர் சிரித்துக்கொண்டே, "இப்போதாவது சொன்னாயே" என்றார். உள்ளே பலகையில் நாற்று வயலிலிருந்து வந்த மூதாட்டியும், கல்லூரி மாணவியரும், ஒரு வணிகரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தனர். எங்களுக்கும் நகர்ந்து இடம் கொடுத்தனர்.

தனிக்குவளை வழக்கம் எல்லா ஊர்களிலும் முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்ல இன்றும் என் நா எழவில்லை. சட்டம் கதவைத் திறந்துவைக்கும். வாயிலில் தயங்கி நிற்பவரை அழைப்பது சட்டத்தால் ஆகாது. அது பக்கத்தில் நிற்பவன் கடமை. பன்னிரண்டு வயதில் நான் தவறவிட்ட அந்தச் சொல்லை நீங்கள் தவறவிடாதீர்கள்.