சிபாரிசுக் கடிதத்தை விட உங்க விண்ணப்பம் பெருசு

(மன்னவனூரில் நடந்த இளைஞர் வேலைவாய்ப்பு வழிகாட்டி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்சிக்காரங்களைத் தேடி வர்றவங்க அடிக்கடி கேக்கறது இதுதான்: "அண்ணே, பையன் டிகிரி முடிச்சிருக்கான். ஒரு சிபாரிசு லெட்டர் குடுங்க." பெத்தவங்க தவிப்பு புரியுது. ஆனா உண்மையைச் சொல்லிடறேன். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுல அந்த லெட்டருக்கு ஒரு மார்க் கூட கிடையாது. தனியார் கம்பெனியிலயும் "ரெஸ்யூமே எங்கே?"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசணும்.

நல்ல விண்ணப்பம் எப்படி இருக்கும்? நம்ம மலைப்பூண்டைப் பாருங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. கொடைக்கானல்ல இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதுக்காக முன்னின்று உழைச்சது. "எங்க பூண்டு ரொம்ப நல்ல பூண்டு"ன்னு எழுதிக் கொடுத்தா குறியீடு கிடைக்காது. எந்தப் பகுதியில விளையுது, எப்படிப் பயிர் பண்றாங்க, மத்த பூண்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், அதுக்கு ஆதாரம் என்னன்னு ஒவ்வொண்ணா காட்டணும். உங்க ரெஸ்யூமேயும் இப்படித்தான். எங்கே செஞ்சீங்க, எவ்வளவு நாள், என்ன செஞ்சீங்க, ஆதாரம் என்ன?

"கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்ற வரி எல்லார் தாள்லயும் இருக்கு. படிக்கிறவர் அதைத் தாண்டிப் போயிடுவார்.

"எங்களுக்கு அனுபவமே இல்லையே அண்ணே"ன்னு கேப்பீங்க. யார் சொன்னது? காலேஜ் லீவுல வீட்டுத் தோட்டத்துக் கூலிக் கணக்கு யார் பார்த்தது? கேரட் மூட்டையை எண்ணி ஏத்திவிட்டு, மண்டிச் சீட்டைச் சரிபார்த்தது யார்? அதை எழுதுங்க: "2 ஆண்டுகள் குடும்பத் தோட்டத்தில் கூலிக் கணக்கும் மண்டி வரவு செலவும் பார்த்தேன், வாரம் 12 பேருக்குக் கூலி பட்டுவாடா செய்தேன்." அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இதை விட என்ன அனுபவம் வேணும்? சீசன்ல ஹோம்ஸ்டேவுல ரூம் புக்கிங் பார்த்த தங்கச்சி, எந்த வருஷம், எத்தனை ரூம்னு எழுதணும். செய்யாததை மட்டும் எழுதாதீங்க. இன்டர்வியூவில ரெண்டாவது கேள்வியிலயே மாட்டிக்குவீங்க.

புதுசா படிச்சு வந்தவங்களுக்கு ஒரே பக்கம் போதும். மேலே பெயர், ஊர், போன் நம்பர், ஈமெயில். நம்ம மலையில சிக்னல் எப்போ போகும்னு தெரியாது. அதனால வீட்டுல இன்னொருத்தர் நம்பரையும் போடுங்க. அப்புறம் படிப்பு, அனுபவம், தெரிஞ்ச திறமை. தனியார் வேலைக்குச் சாதி, மதம், அப்பா தொழில் எதுவும் எழுத வேண்டியதில்லை. பி.டி.எஃப். ஆக்கி, ஃபைலுக்கு உங்க பெயரையே வைங்க.

அடுத்தது கவரிங் லெட்டர். மூணு பத்தி போதும். எந்த வேலைக்கு, எந்த விளம்பரத்தைப் பார்த்து எழுதறீங்கன்னு முதல் பத்தி. அவங்க கேட்ட ரெண்டு தகுதியை எடுத்து, அதுக்கு உங்ககிட்ட இருக்கிற சான்றைச் சொல்றது ரெண்டாவது. எப்போ வேலையில சேர முடியும், வெளியூர்ல தங்க முடியுமான்னு மூணாவது. ஒரே லெட்டரை இருபது கம்பெனிக்கு அனுப்பாதீங்க. நேத்து அனுப்பின கம்பெனி பெயர் இன்னிக்கு லெட்டர்ல இருந்தா அதோட கதை முடிஞ்சுது.

அரசு வேலைக்கு வர்றேன். தமிழ் வழியில படிச்சவங்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனத்துல 20 சதவீதம் முன்னுரிமை 2010-ல் சட்டமாச்சு. 2020-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம், ஒண்ணாம் வகுப்புல இருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும். நம்ம ஊர்ப் பள்ளியில படிச்ச பிள்ளைகள்ல நிறைய பேருக்கு இந்த உரிமை இருக்கு. ஆனா படிச்ச ஒவ்வொரு பள்ளியிலயும் கல்லூரியிலயும் சான்று வாங்கி வைக்கணும். கடைசி வாரத்துல பஸ் பிடிச்சு மலை இறங்கி ஓடுனா, அங்க கையெழுத்துப் போடறவர் லீவுல இருப்பார். தகுதி இருந்தும் ஒரு தாள் இல்லாம வேலை போறது மாதிரி கொடுமை வேற இல்ல. அறிவிப்புக்குக் காத்திருக்காம இந்த மாசமே வாங்குங்க.

ஒரு எச்சரிக்கை. வேலை வாங்கித் தர்றேன்னு யார் பணம் கேட்டாலும், எந்தக் கட்சித் துண்டு போட்டிருந்தாலும், கொடுக்காதீங்க.

உங்களுக்கு நாங்க செய்யக்கூடிய உதவி இதுதான்: முகாம் முடிஞ்சதும் ரெஸ்யூமேயோட வாங்க, உக்காந்து வரி வரியா திருத்துவோம். உங்க உழைப்பை உங்க கையாலேயே எழுதுங்க. அதை விடப் பெரிய சிபாரிசு கிடையாது.



வேலை தேடும் தம்பி, தங்கைகளுக்குப் பகிருங்கள்.
#மன்னவனூர் #கொடைக்கானல் #வேலைவாய்ப்பு