கடைசி இரண்டு வரி எங்கே போயிற்று?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன முறை சம்ப் கழுவிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். "ஏன் நேரத்தைச் சொல்லவில்லை?" என்று பலர் கோபப்பட்டீர்கள். நோட்டீஸை டைப் செய்தவன் நான்தான். கடைசி இரண்டு வரி அடுத்த தாளுக்குப் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் முதல் தாளை மட்டும் ஒட்டிவிட்டேன். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் அம்மா ஒரு வாளித் தண்ணீர்கூடப் பிடித்து வைக்காமல் மாலை வரை சிரமப்பட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

இத்தனைக்கும் நோட்டீஸ் மொத்தமே 20 வரிதான். பிறகு ஏன் ஒரு தாளில் அடங்கவில்லை?

மைக்ரோசாஃப்ட் வேர்டில் நாம் என்டர் தட்டும்போதெல்லாம் அது ஒரு பத்தி முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு அது வெறும் வரி. வேர்டுக்கு அது பத்தி. 2003 பதிப்பு வரை பத்திக்குப் பின் தானாக விழும் இடைவெளி பூஜ்யம். 2007 பதிப்பில் அது 10 பாயின்ட் ஆயிற்று. 2013 பதிப்பில் 8. ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். 18 முறை என்டர் தட்டினால் 144 பாயின்ட், அதாவது இரண்டு அங்குலம் வெற்றிடம்! நம் இரண்டு வரியை வெளியே தள்ளியது அதுதான்.

இதை ஒரே முறை மாற்றினால் போதும். புதிய ஃபைலைத் திறந்து, 'ஹோம்' பகுதியில் 'பாராகிராஃப்' என்ற கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய அம்புக்குறியைத் தட்டுங்கள். 'ஸ்பேசிங்' என்ற இடத்தில் 'ஆஃப்டர்' 0, 'லைன் ஸ்பேசிங்' 'சிங்கிள்' என்று வையுங்கள். உடனே 'ஓகே' கொடுத்துவிடாதீர்கள். கீழே 'செட் ஆஸ் டிஃபால்ட்' என்று இருக்கும். அதைத் தட்டினால் இந்த ஃபைலுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று விஷயம் கவனம். ஒன்று, இது அந்தக் கம்ப்யூட்டரில் இனி தொடங்கும் ஃபைல்களுக்குத்தான். பழைய நோட்டீஸைத் திறந்து திருத்துகிறவர்கள் கன்ட்ரோல்-ஏ கொடுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதிலும் தனியாக மாற்ற வேண்டும். இரண்டு, இடத்தை மிச்சம் பிடிக்க 'லைன் ஸ்பேசிங்'கில் 'எக்ஸாக்ட்லி' என்று வைத்துச் சிறிய எண் கொடுக்காதீர்கள். தமிழில் 'கி', 'கீ' போன்றவற்றின் மேல்சுழி வெட்டுப்படும். மூன்று, முகவரி போன்ற இடங்களில் மட்டும் வரியை நெருக்க வேண்டுமானால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் போதும்.

இடைவெளியே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டறிக்கை போல நீளமாக எழுதும்போது அந்த 8 பாயின்ட் கண்ணுக்கு இதம். பெரியவர்கள் படிக்கவும் எளிது. நோட்டீஸ் பலகைக்குத்தான் அது ஒத்துவராது.

இனி நோட்டீஸ் தயாரிக்கும் கமிட்டி நண்பர்கள் பிரின்ட் கொடுக்கும் முன் மொத்தம் எத்தனை பக்கம் என்று ஒரு முறை பாருங்கள். எப்படியானாலும் தேதியையும் நேரத்தையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். தாள் தவறினாலும் தண்ணீர் தவறாது.