சோடாவும் மூழ்கிய கப்பலும்

கோலி சோடாவைக் கவனித்திருக்கிறீர்களா? கோலியைத் தட்டும்வரை தண்ணீர் சாதுவாக இருக்கும். தட்டினால் புஸ்ஸென்று பொங்கும். அந்தக் காற்று புதிதாக வந்ததல்ல. அழுத்தத்தில் கரைந்து உள்ளேயே இருந்தது.

இந்தச் சோடாவை மனதில் வைத்துக்கொண்டு கனடாவுக்கு வாருங்கள். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் முகத்துவாரம். 1914 மே மாதம், மூடுபனியில் ஒரு நிலக்கரிக் கப்பல் மோதி, 'எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து' என்ற பயணிகள் கப்பல் 14 நிமிடத்தில் மூழ்கியது. ஆயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். இன்றும் அங்கேதான் கிடக்கிறது, ஏறக்குறைய பன்னிரண்டு மாடி ஆழத்தில். அதைப் பார்க்க முக்குளிப்பவர்கள் இறங்குகிறார்கள்.

இறங்குவது பெரிய காரியமில்லை. ஏறுவதுதான் காரியம். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடுகிறது. சரேலென்று மேலே வந்தால், உடம்பே கோலி தட்டிய சோடாதான். குமிழ் மூட்டில் சிக்கலாம், முதுகுத்தண்டில் சிக்கலாம். அதனால் மெல்ல ஏற வேண்டும். நின்று நின்று ஏற வேண்டும்.

தண்ணீரோ ஃபிரிட்ஜில் வைத்ததுபோல் சில்லென்றிருக்கும். நீர் புகாத உடை, உள்ளே கம்பளி. எல்லாம் போட்டும் விரல் மரத்துப்போகும். குளிரில் கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதால் நைட்ரஜன் வெளியேறவும் தாமதமாகும். குளிர் 'ஓடு' என்கிறது. அதே குளிர்தான் 'இன்னும் கொஞ்சம் நில்' என்றும் சொல்கிறது! தலைக்கு மேலே வெளிச்சம் தெரியும். படகின் அடிப்பக்கம்கூடத் தெரியும். ஆனாலும் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தொங்குவார்கள்.