நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

அலுவலகக் கணினியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ அந்தப் பெட்டி ஏற்கவில்லை.

பராமரிப்புக் கணக்கையெல்லாம் தனியாக நகலெடுத்து வைத்துவிட்டு, பி பிளாக் கல்லூரிப் பிள்ளைகள் மூவர் அதில் ஆர்ச் லினக்ஸ் போட உட்கார்ந்தார்கள். சுலபமான உபுண்டு இருக்கும்போது இது எதற்கு என்றேன். "உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணும் அங்கிள்" என்றார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட முறையில் 'நெக்ஸ்ட்' பொத்தானே கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது முதல் எல்லாமே கட்டளை தட்டித்தான். முதல் நாள் பூட்லோடர் சரியாக அமையவில்லை, கணினி எழவே இல்லை. மறுநாள் எழுந்தது, இணையம் இல்லை. அதற்கான மென்பொருளையும் நாமேதான் சேர்க்க வேண்டுமாம். மூன்றாம் நாள் இணையம் வந்தது. திரையில் வெறும் எழுத்து. ஐகான் தெரிகிற டெஸ்க்டாப்பும் தனியாகப் போட வேண்டியதுதான்!

எனக்குப் பிடித்தது, ஒருமுறைகூட எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. பென்டிரைவில் துவக்கி, நின்ற இடத்தை மட்டும் சரிசெய்தார்கள். எந்தக் கட்டளைக்கு என்ன எரர் என்று நோட்டில் குறித்தார்கள். அந்த நோட்டு அலுவலக டிராயரில் இருக்கிறது.

பிரிண்டர் இன்னும் மக்கர் செய்கிறது. ஞாயிறு காலை அதைப் பார்க்கிறார்கள். பழைய லேப்டாப் இருந்தால் கொண்டுவாருங்கள். போட்டோக்களை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.