மவுண்ட் ரோட்டின் பதினான்கு மாடி

பழைய தமிழ்ப் படங்களில் கிராமத்துக் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று சொல்ல வசனமே தேவையில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் நிற்கும் எல்ஐசி கட்டிடத்தைக் காட்டினால் போதும்!

அந்தக் கட்டிடத்தைக் கட்டத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். தம்முடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக லண்டன் கட்டிடக் கலைஞர்களை வைத்து வரைபடம் போட்டார். 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக, பாதியில் நின்ற கட்டிடம் எல்ஐசி கைக்கு வந்தது. மீதியை முடித்தவர் நம்ம ஊர் கட்டிடக் கலைஞர் எல்.எம். சித்தாலே. 1959 ஆகஸ்டில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். 14 மாடி, 177 அடி. அன்று நாட்டிலேயே உயரமான கட்டிடங்களில் ஒன்று. 1975-இல் பெரிய தீவிபத்து. அதையும் தாங்கி நிற்கிறது.

திருத்தணி நேயர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. திறப்பு விழா நடந்தபோது உங்கள் ஊர் ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக, முதல் ஏழு மாதம் ரயிலேறி வந்து அண்ணாந்து பார்த்த திருத்தணிக்காரர்களுக்கு அது பக்கத்து மாநிலத்துக் கட்டிடம்!