கல்லில் நிற்கும் கூரை வீடு
(புதுப்பட்டினத்தில் ஆற்றிய உரை)

இங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் மாமல்லபுரம். அங்குள்ள ஐந்து ரதங்களில் மிகச் சிறியதற்குத் திரௌபதி ரதம் என்று பெயர். பெயர் பின்னால் வந்தது. உள்ளே இருப்பவள் கொற்றவை. அதைத் தேர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது குடிசை! 7ஆம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், ஒரே பாறையில் செதுக்கிய கூரை வீடு. சுமார் 11 அடிச் சதுரம்.

கூரை வேய்ந்தவர்களும் கீற்று முடையும் தாய்மார்களும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அந்தக் கண்ணோடு போய்ப் பாருங்கள். நாலு பக்கமும் சரிவு. அது நேராக இறங்கவில்லை, மூங்கிலை வளைத்தாற்போல் வளைந்து இறங்குகிறது. இரண்டு சரிவு கூடும் மூலைதான் ஒழுகும் இடம் என்று வேய்கிறவனுக்குத் தெரியும். அங்கேதான் கனமாக வைத்துக் கட்டுவான். கல்லிலும் அதே நாலு மூலையில் பட்டை ஓடுகிறது, கொடி வேலைப்பாட்டோடு! கல்லுக்கு ஒழுக்கு ஏது? குடிசையைப் பார்த்துச் செய்ததால் வந்த பட்டை அது. பீம ரதத்தின் நீண்ட வளைகூரையும் இந்த வகைதான். ஓலையிலும் மூங்கிலிலும் பழகிய கை கோயில் கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒரே வித்தியாசம்: நாம் காலை நட்டு மேலே போகிறோம், அவர்கள் முகட்டில் தொடங்கிக் கீழே வந்தார்கள்.

பக்கத்துப் பூஞ்சேரியில் ஒரு பாறையில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன். அங்கே வேலை செய்தவர்கள் இவர்களே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கொல்லனைக் கவனியுங்கள், ஆலைத் தோழர்களே! உளி மழுங்கினால் சிற்பி என்ன செய்வான்?

கல் குடிசைக்கு வேலி உண்டு, காவல் உண்டு, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இடமும் உண்டு. ஓலைக் குடிசைக்காரனுக்கு? சேரி மக்களுக்குக் குடிசை நிற்கும் மனைகூடச் சொந்தமில்லாத கொடுமையை 1891இல் இதே செங்கற்பட்டு ஜில்லா கலெக்டர் திரமென்ஹீர் சர்க்காருக்கு எழுதினார். மறு வருஷம் பஞ்சமி நில உத்தரவு வந்தது. ஆனாலும் 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பத்தார் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குடியிருந்த மனை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்ற சட்டம் 1971இல்தான் வந்தது.

மனைப்பட்டா இன்னும் கைக்கு வராதவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். மனு எழுத ஆள் உட்கார்ந்திருக்கிறது.